கேக்குதா

ஹட்டன், டன்பார் வீதி, பேக்கரிக்கு மேல்மாடி.
ராத்திரி ஒன்றரைக்கு
எனக்கு நானே முந்நூறு கோல் எடுத்தேன்.

பேச வேண்டிய வாசகம் கொழும்பிலிருந்து வந்திருந்தது:
தங்கள் தவணைப்பணம் கிடைத்தது, நன்றி.
அதில் ழ இல்லை.
ழ இல்லாமல் தமிழில் எதைச் சோதிப்பது?
நானே ஒன்று எழுதினேன்:
ஏழாம் நம்பர் மலையில் மழை, கொழுந்து நிறுவை பிழை.
"பொருளைப் பார்க்காதீங்க சேர், ஒலியைப் பாருங்க"
என்று ருவந்தவிடம் சொன்னேன்.
ஸ்டோர் ரூமில், கம்பிளியைத் தலையோடு போர்த்திக்கொண்டு
எட்டாவது தடவையில் சரியாகப் பதிந்தது.

முந்நூறு லைன் தாங்குமா என்பதுதான் கேள்வி.

லைன் என்றால் எங்களுக்குப்
பத்துக் காம்பரா, ஒரு தகரக் கூரை.
முதல் காம்பராவில் இருமினால்
கடைசிக் காம்பராவில் சுடுதண்ணி வைப்பார்கள்.
தாமதம் பூச்சியம். இழப்பு பூச்சியம்.
ரகசியமும் பூச்சியம்.
இதையெல்லாம் அறிக்கையில் போட முடியாது.

ஐம்பது வரைக்கும் ஒன்றும் இல்லை.
நூற்றிருபதில் என் குரல் தகரத்தில் உருண்டது.
இருநூற்றுப் பத்தில்
மழையின் ழ கழன்று விழுந்தது.
விழுந்த ஓட்டையை
முந்திய ஒலியையே இழுத்துப் பூசி மறைத்தது இயந்திரம்:
மஅஅஐ.
ஐந்துக்கு மூன்று தசம் எட்டு. தேறியது.
மளை என்று வாசித்ததற்கு
என்னை ஒரு பாடவேளை முழுக்க
வெளியே நிறுத்தியிருக்கிறார்கள்.

யாரும் பேசாத இடைவெளியில்
லைன் செத்துப்போனது என்று நினைத்துவிடக் கூடாதாம்.
அதற்காக ஒரு மெல்லிய இரைச்சலை அதுவே போடும்.
வெளியே மழையும் அதையேதான் செய்துகொண்டிருந்தது.
இரண்டு தரம் ஹெட்செட்டைக் கழற்றிப் பார்த்தேன்,
எது எதுவென்று.

இரண்டு பத்துக்கு
இருநூற்று அறுபதாவது லைனில்
நான் இல்லை.

"ஹலோ. கேக்குதா?"
ஆம்பிளைக் குரல். பின்னால் காற்று.
"கேக்குதா மிஸ்? தண்ணித் தொட்டிக்கிட்ட நிக்கிறேன்,
இங்கனதான் சிக்னல்."
வெளிக் கோல்களை மூடியாயிற்று என்று
ருவந்த சொல்லியிருந்தார்.
மூடவில்லை.
"கேக்குது, சொல்லுங்க" என்றேன்.
இருநூற்றைம்பத்தொன்பது இடத்தில் என் குரல்
நிறுவை பிழை, நிறுவை பிழை என்றுகொண்டிருந்தது.

த்ரீவீல் தவணை. இரண்டு மாதம் பாக்கி.
விடிந்ததும் தூக்க வருவார்களாம்.
ஒரு கிழமை தந்தால் போதுமாம்.
பேர் சந்தன என்று வந்தது,
மிச்சத்தை இயந்திரம் பூசிவிட்டது:
சாமியோ, முத்துவோ.
தோட்டத்தின் பேர் வரவேயில்லை.
கேக்குதா கேக்குதா மட்டும் முழுசாக வந்தது.
எத்தனையோ பாறையில் ஏறி நின்று
அந்த ஒரு சொல்லை மட்டும்
காற்றுக்குப் பழக்கி வைத்திருந்தார்.
நாற்பத்தொரு செக்கன்.
பிறகு அந்த மெல்லிய இரைச்சல்.
அவர் இருக்கிறார் என்று
இன்னும் கொஞ்ச நேரம் பேசினேன்.

மூன்று மணிக்கு அறிக்கை தானாகவே எழுதிக்கொண்டது.
இருநூற்றுத் தொண்ணூற்றொன்பது கோல்: தேறியது.
ஒரு கோல்: மதிப்பிட இயலவில்லை,
ஒப்பிடுவதற்கு மூலப்பதிவு இல்லை.

"அந்த வரியைத் தூக்கிவிடு, நங்கி"
என்றார் ருவந்த, போனில், கொட்டாவியோடு.
நான் தூக்கவில்லை.
இலக்கத்தை உள்ளங்கையில் எழுதிக்கொண்டேன்.
கீழே முதல் பாணுக்கு அடுப்பு மூட்டினார்கள்.

ஆறு மணிக்கு, பிரட்டுக்கு முந்தி, எடுத்துப் பார்த்தேன்.
நீங்கள் அழைத்த இலக்கத்தை
தற்போது அடைய முடியாதுள்ளது
என்று சிங்களத்தில் சொன்னாள் ஒரு பெண்,
பிறகு தமிழில், பிறகு ஆங்கிலத்தில்.

துளி இரைச்சல் இல்லை.
அழைத்த என்பதில் ழ
அப்படியே இருந்தது.
நாலு தசம் நாலு போடலாம்.