ஃப்யூஸ் கால்

கொருக்குப்பேட்டை ஃப்யூஸ் ஆபீஸில்
இரவு ஷிப்ட். எனக்கு எட்டாவது வாரம்.
போனில் ஒருவர் கத்துகிறார்:
"எதுத்த வூட்ல கரண்ட் கீது,
எங்க வூட்ல மட்டும் இன்னாத்துக்கு இல்ல?"
ஒரே கம்பிதான் சார், என்கிறேன்.

காலையில் ஸ்கேன் பார்த்த ரெஜினா மேடம் சொன்னார்:
எல்லா செல்லிலும் அதே மரபணுக்கள்தானாம்.
கண் வரப்போகிற இடத்தில் சில விழிக்கும்,
ஈரலில் அவையே தூங்கும்.
கை இப்போதைக்கு வெறும் துடுப்பு.
விரல்களுக்கு நடுவே இருப்பவற்றுக்கு
ஒருநாள் சுவிட்ச் விழும்;
செத்து, வழிவிடும்.

யார் போடுவது, என்று கேட்டேன்.
பக்கத்து செல் அனுப்பும் சேதியாம்.
மேலதிகாரி கிடையாதாம்.

மணி மூன்று.
எண்ணூர்ப் பக்கம் வானம் ஆரஞ்சாகக் கிடக்கிறது.
அதே நம்பர் மறுபடி:
"வன்ட்ச்சும்மா, தேங்க்ஸ்."

நான் இன்னும் ஆளே அனுப்பவில்லை.