பாலாற்றுப் பாலம் வரைக்கும்

சனிக்கிழமையோடு முடிகிறதாம் 'ஈரக் கோலம்'.
திங்கள் முதல் அதே எட்டரைக்கு
வேறு ஒரு வீடு, வேறு ஒரு மாடிப்படி,
உருண்டு விழ வேறு ஒரு மருமகள்.

ஆயிரத்து நூற்று நாற்பத்திரண்டு இரவுகள்.
நான் தவறவிட்டது ஒன்பது:
பிரசவத்துக்கு ஐந்து,
அப்பா செத்ததற்கு மூன்று,
புயலில் கேபிள் அறுந்தது ஒன்று.

சாருலதாவாக இதுவரை மூன்று பேர்.
'இனி இவருக்குப் பதில் இவர்' என்று
கீழே ஒரு வரி ஓடும்.
முதல் நாள் அந்த முகத்தைப் பார்க்கவே பிடிக்காது.
வெள்ளிக்கிழமைக்குள்
"அவன நம்பாதடி" என்று
அவளுக்கும் சேர்த்துக் கத்திக்கொண்டிருப்பேன்.

ஆறாத கோபம் ஒன்றுதான்.
'ஐந்து ஆண்டுகளுக்குப் பிறகு' என்று
கறுப்புத் திரையில் போட்டார்களே, அதற்கு.
தொட்டிலில் கிடந்தது
ஷூ போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போகிறது.
காய்ச்சல் இல்லை, தடுப்பூசி இல்லை,
நகைக்கடன் நோட்டீஸ் வரவில்லை.
(ஷூவில் தையல் கோணல்.
எங்கள் லைனாக இருந்தால் திருப்பி அனுப்பியிருப்பார்கள்.)
நான் என் ஐந்து ஆண்டுகளை
ஒவ்வொரு நாளாகத்தான் கடந்தேன்,
நாளைக்கு முந்நூற்று இருபது ஜோடி
நாக்கு தைத்து.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை என்னையும் நீட்டிப்பார்கள்.
ஹெச்.ஆர். அறையில் ஒரு கையெழுத்து.
அதற்கெல்லாம் யாரும் புரொமோ போடுவதில்லை.

கடைசி நாள், எட்டு இருபத்தெட்டு.
சத்துவாச்சாரியில் டிரான்ஸ்பார்மர் வெடித்தது.
மே மாத வேலூர், எல்லா வீட்டிலும் ஏ.சி.,
யாரைக் குற்றம் சொல்ல?
போனில் மூன்று சதவீதம்.
இருட்டில் உட்கார்ந்து
பக்கத்துத் தெரு இன்வெர்ட்டர் வீட்டில்
யாரோ அழுவதைக் கேட்டேன்.
சாருலதாவா, அந்த வீட்டுக்காரியா, தெரியவில்லை.

திங்கட்கிழமை கம்பெனி பஸ்ஸில்
எஸ்தர் சொன்னாள்.
பெருமுகையில் ஆரம்பித்தாள்.
ரத்தினகிரி வரும்போது வீட்டுப் பத்திரம் கிழிந்தது.
மேல்விஷாரத்தில் ஷமீனாவோடு நாலு பேர் ஏற
"விளம்பரம்" என்று நிறுத்திக்கொண்டாள்.
அப்புறம்,
மாமியார் கற்பகவல்லி, அத்தனை விஷம் வைத்தவள்,
கையில் ஒரு பெட்டி மக்கன் பேடாவோடு
ஆற்காடு பஸ் ஸ்டாண்டில் நின்றாளாம்.
எந்த ஊர் பஸ் என்று பார்க்காமல் ஏறினாளாம்.
யாரும் மூச்சு விடவில்லை.

ராத்திரி போனில் நானே பார்த்தேன்.
கோயில். எல்லோரும் பட்டு கட்டி
வரிசையாக நின்று சிரித்தார்கள்.
கற்பகவல்லி ஓரமாக, மன்னிக்கப்பட்டு.
மக்கன் பேடா இல்லை.
ஆற்காடே இல்லை.

மறுநாள் எஸ்தர் என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.
பார்த்துவிட்டேன் என்று அவளுக்குத் தெரியும்.
டிபன் பாக்ஸ் மூடியைத் திறந்து திறந்து மூடினாள்.
பெருமுகை தாண்டியதும்
நான்தான் கேட்டேன்:
"அந்த பஸ்ஸு எங்க போச்சு?"

ஆரணிக்குப் போயிருக்கிறது.
புதன்கிழமை ஷமீனா அவளை
ஒரு தறிக்காரர் வீட்டில் வாடகைக்கு வைத்தாள்.
வியாழக்கிழமை அஞ்சலாட்சி
பல்வலி கொடுத்தாள், பேரனிடமிருந்து போன் வரவைத்தாள்.
சாருலதா யார் இப்போது என்று
யாரும் கேட்கவே இல்லை.
ஜூன் முதல் தேதி ஹெச்.ஆர். கூப்பிட்டாலும்
கூப்பிடாவிட்டாலும்
இந்த வாரம் முழுக்க எபிசோடு இருக்கிறது.

வெள்ளிக்கிழமை, கதை எஸ்தரிடம்.
கற்பகவல்லிக்கு நெஞ்சு வலி வந்துவிட்டது.
ஆற்காடு தாண்டி பாலம் ஏறும்போது
நாலு வருடமாக எங்களிடம்
"உள்ள நகுந்து நில்லுங்க" தவிர
எதுவும் பேசாத டிரைவர் துரைக்கண்ணு
கண்ணாடியைப் பார்த்துச் சொன்னார்:
"அந்தக் கெயவிய மட்டும் சாவடிச்சிடாதமே."

பஸ் மெதுவாகப் போனது.
கீழே மணல்.
எஸ்தர் யோசித்துக்கொண்டிருந்தாள்.