விழுந்த மண்

கோவ்துக்கு இன்னும் எழுபது கிலோமீட்டர்.
சக்கரம் பனியில் சுழன்று சுழன்று
தனக்கே குழி தோண்டிக்கொண்டது.
தாம்தின் எஞ்சினை அணைக்கவில்லை.
அணைத்தால் விடியும்வரை எழாது.

பின்னிருக்கையில் ஒத்கோன்சுரேனுக்கு
அதற்குமேல் பொறுக்க முடியவில்லை.

வழுக்கி வந்து என் கையில் விழுந்தான்,
நீலமாய், கோபமாய்,
தன் கயிற்றைத் தானே இழுத்துக்கொண்டு.

"சீக்கிரம் வெட்டுங்க டாக்டர், குளிருதில்ல"
என்றார் தாம்தின்,
கண்ணாடியில் பார்த்தும் பார்க்காமலும்.

வெட்டவில்லை.
அவளுடைய அங்கியின் பித்தான்களை அவிழ்த்து
மார்போடு அவனை ஒட்டவைத்து மூடினேன்.
இருட்டில் கையைவிட்டு
இரண்டு விரலால் கொடியைத் தொட்டேன்.

துடித்தது.

தொட்டவர்களுக்குத் தெரியும்:
முறுக்கிய ஈரம்,
உள்ளே யாரோ நடந்துபோகிற அதிர்வு.
அவன் பங்கு இன்னும் வந்துசேரவில்லை.

வேலைக்குச் சேர்ந்த புதிதில்
அழுத கையோடு வெட்டியிருக்கிறேன்.
அன்று அப்படித்தான் பழக்கம்.
எத்தனை பேருடைய பங்கை வாளியில் கொட்டினேன்
கணக்கு வைத்ததில்லை.
பிறகு பயிற்சிக்கு அழைத்துச் சொன்னார்கள்,
ஒரு நிமிடமாவது பொறுங்கள்,
முடிந்தால் மூன்று.

மூன்று நிமிடம் என்பது
அந்த வண்டிக்குள் நீளமான பொழுது.
ஜன்னலில் எங்கள் மூச்சு உறைந்து வெள்ளையானது.
அவன் மெல்லச் சிவந்தான்.
கொடி தளர்ந்து வெளுத்தது,
அவித்த நூடுல்ஸ் மாதிரி.

முதல் கவ்வி பிடித்துக்கொண்டது.
இரண்டாவது, குளிரில் இறுகிய பிளாஸ்டிக்,
டக்கென்று உடைந்தது.
கட்டுத்துணியைப் பிரித்து, முறுக்கி,
ஒரு முடிச்சு. அதன்மேல் இன்னொன்று.
பிளேடின் உறையைப் பல்லால் கிழித்தேன்.
லேசில் அறுபடாது அது;
யாரும் இதைச் சொல்வதில்லை.

தாம்தின் ஓட்கா பாட்டிலை நீட்டினார்,
"தொப்புளுக்கு."
"ஒன்றும் வேண்டாம். காய்ந்தால் தானே விழும்."
"அப்போ எனக்கு?"
"நீங்கள் வண்டி ஓட்டணும்."
"ஓடினால்தானே!"
ஒத்கோன்சுரேன் சிரித்துவிட்டாள். வலியோடு.

பிறந்த இடத்தை எங்கள் பேச்சில்
விழுந்த மண், கழுவிய நீர் என்போம்.
இவன் விழுந்தது
பழைய ரஷ்ய வண்டியின் ரெக்ஸின்மேல்.
கழுவ நீரில்லை. சுற்றிலும் அத்தனை நீரும்
கல்லாகிக் கிடந்தது.

படிவத்தில் பிறந்த இடம் என்ற கோட்டில்
சாலை என்று எழுதினேன்.
எழுத்தர் அதை அடித்துவிட்டு
கோவ்த் என்று எழுதிக்கொண்டார்.

ஒன்பதாம் நாள் அவளிடமிருந்து போன்:
தொப்புள் விழுந்துவிட்டதாம்.
எங்கே?
அப்பன் சட்டைக்குள் தூங்கும்போது.
இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்களாம்.