மூன்றாவது பொத்தான்

பகாவ் பழைய பஸ் நிலையம் எதிரில்
தவுக்கே லிம் கடையில்
எட்டு நாற்காலிகள் வாய்பிளந்து கிடக்கின்றன.
"தோலு வேணாங்கா, நம்ம வெயிலுக்கு முதுகு ஒட்டும்"
என்கிறார், விற்கிறவரே.

இவர் டேப்பும் கையுமாக வந்திருக்கிறார்.
சாய்த்தால் கால் ஐஸ்பெட்டியை உதைக்குமாம்.
ஐஸ்பெட்டியை நகர்த்தினால்
சாமிமேடை இடிக்குமாம்.

கரண்டு போனால்?
"உள்ள பேட்டரி இருக்கு."
மழை மாதத்தில் எங்கள் வரிசைக்கு
வாரம் இரண்டு தடவை போகும்.
படுத்த வாக்கில் மாட்டிக்கொண்டு
அக்கம்பக்கத்தைக் கூப்பிடவா?

கையுறைத் தொழிற்சாலையில்
இருபத்தாறு வருஷம் நின்ற முட்டி இது.
அங்கே நாற்காலி
சூப்பர்வைசருக்கு மட்டும்.

சாம்பல் துணி போட்டதில் உட்கார்ந்தேன்.
முதல் பொத்தானுக்குக் கால் உயர்ந்தது.
அடுத்ததற்கு முதுகு சாய்ந்தது, கூரையில்
பல்லி ஒன்று விளக்கருகே காத்திருந்தது.
கொஞ்ச நேரம் நானும்.

மூன்றாவதை அழுத்த,
முனகிக்கொண்டே பின்னாலிருந்து எழும்பி
என்னை மெல்ல
நிற்கவைத்துவிட்டது நாற்காலி.

"இதுக்கும் என்னை
நிக்க வைக்கத்தான் தெரியுது, தவுக்கே."

சிரித்துக்கொண்டே இருநூறு வெள்ளி குறைத்தார்.
இவர் இன்னும்
சாமியை எங்கே நகர்த்துவது என்று
காற்றில் அளந்துகொண்டிருந்தார்.