மஞ்சள் எச்சரிக்கை

சனிக்கிழமை இரவு பதினொன்று நாற்பது.
சோஃபியாவின் தென்கிழக்கில், ஏழாவது மாடியில்
எங்கள் ஜன்னலில் மட்டும் வெளிச்சம்.
காப்பீட்டு நிறுவனம் தூங்கிவிட்டது.
அதன் மேகம் தூங்காது.
யார் கேட்டாலும் ஒரு சர்வரைப் பெற்றுப்போட்டுவிட்டு
அடுத்த விண்ணப்பத்துக்குக் கை நீட்டும்.

அந்த மேகத்துக்கு இன்று புதிய பதிப்பு.
ஏற்றப்போவது நாங்கள் அல்ல, ஒரு கருவி.
பெயர் லைஃப்சைக்கிள் மேனேஜர்.
நிறுவ ஒரு பொத்தான், பதிப்பு உயர்த்த ஒன்று,
சான்றிதழ் புதுப்பிக்க ஒன்று,
ஓரமாய், சிவப்பில், அழிக்க ஒன்று.
"பாதிரியாரைவிடச் சௌகரியம்" என்றாள் சோர்னிட்சா,
"ஞானஸ்நானம் முதல் அடக்கம் வரை ஒரே பக்கத்தில்."

முன்சோதனை ஓடியது.
பதினாறு பச்சை. ஒரு மஞ்சள்:
மூன்றாம் கணுவில் வட்டு இடம் குறைவு.
மஞ்சள்தானே, போகட்டும் என்றேன்.
சொன்னது நான்தான், பதிவில் இருக்கிறது.

பிறகு மூன்று கணுக்களையும் வரிசையாய் அணைத்து
ஸ்னாப்ஷாட் எடுத்தது கருவி.
படம் பிடிக்கும்போது அசையக் கூடாது, அவ்வளவுதான்.
எது கெட்டாலும் இந்த நிமிஷத்துக்குத் திரும்பலாம்.

பின் காத்திருப்பு.
சூரியகாந்தி விதை கொறித்தோம்,
தோல்கள் பழைய ரௌட்டர் பெட்டியின் மூடியில்.
முப்பத்தொன்று சதவீதம்.
நாற்பத்தெட்டு.
அறுபத்திரண்டில் பட்டை நின்றது, மூச்சுப் பிடித்ததுபோல.
அப்போது மணி ஒன்று பத்து.
திரையிலிருந்து கண்ணெடுக்காமல் அவள் சொன்னாள்:
"வியன்னாவில் வேலை கிடைத்திருக்கிறது. மார்ச்சிலிருந்து."

ஏன் என்று நான் கேட்டிருக்கலாம்.
எப்போது முடிவெடுத்தாய் என்றாவது.
நான் கேட்டது:
"உன் ரூட் கடவுச்சொற்களை யாரிடம் ஒப்படைப்பாய்?"

ஒன்று முப்பத்திரண்டு. சிவப்பு.
மூன்றாம் கணு, இடமில்லை.
சாண் ஏறினால் முழம் சறுக்கும்;
இது ஏறிய அத்தனையும் சறுக்கியது.
ஸ்னாப்ஷாட்டுக்குத் திரும்பினோம்.
மூன்று கணுக்களும் கண் விழித்தபோது
அவற்றின் கடிகாரத்தில் இன்னும் பன்னிரண்டு ஆகவில்லை.
சில நொடிகள்தான்; நேர சர்வர் வந்து
தலையில் தட்டித் திருத்தும்வரை.
அந்தச் சில நொடிகள் அவை வியன்னாவை அறியவில்லை.
எனக்குப் பொறாமையாக இருந்தது.

வட்டில் நாற்பது ஜிபி கூட்டினோம்.
மீண்டும் முன்சோதனை: பதினேழும் பச்சை.
மீண்டும் படம், மீண்டும் விதை.
இம்முறை அறுபத்திரண்டுக்காக
ஒரு வாக்கியம் தயாராக வைத்திருந்தேன்.
பட்டை அங்கே நின்றது. சொன்னேன்:
"நீ போவதில் எனக்குச் சம்மதமில்லை."
அவள் நகத்தில் ஒட்டிய உப்பைத் துடைத்துக்கொண்டாள்.
"மஞ்சளிலேயே கவனித்திருக்கலாம், ராட்கோ."
வட்டைப் பற்றியா என்று கேட்கத் துணிவில்லை.
பட்டை அறுபத்து மூன்றுக்கு நகர்ந்தது.

ஐந்து இருபதுக்கு முடிந்தது.
சோதித்துப் பார்க்க, பட்டியலிலிருந்து
சின்னதாய் ஒரு சர்வர் கேட்டோம்.
நான்கு நிமிஷத்தில் பிறந்தது, தனக்குத் தானே பெயர் வைத்துக்கொண்டது.
உடனே அழித்தோம். அதுவும் சோதனையின் பகுதி.

வித்தோஷா மலையில் பனி தெரியத் தொடங்கியது.
கீழே பேக்கரியில் பாணிட்சா சூடாக இருக்கும் என்றாள்,
கோட்டை மாட்டிக்கொண்டே.
ஸ்னாப்ஷாட்டை நாள்கணக்கில் வைத்திருக்காதீர்கள்,
எழுத எழுதப் பெருக்கும் என்கிறது கையேடு.
முதல் கணுவினதை அவள் அழித்தாள், இரண்டாவதையும்.
மூன்றாவதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன்.

வியாழக்கிழமை கண்காணிப்புத் திரையில் ஒரு மஞ்சள்:
மூன்றாம் கணு, பழைய ஸ்னாப்ஷாட், பெருத்துக்கொண்டிருக்கிறது.
எதிர் மேசையில் அவளுக்கும் அது தெரிந்தது.
யார் விட்டது என்று கேட்கவில்லை.
விதைப் பொட்டலத்தை
என் பக்கம் தள்ளினாள்.