தொண்ணூற்றாறாம் பக்கம்

மேலூர் தாண்டி ஏழாவது கிலோமீட்டரில்
கல்குவாரி எடைமேடை. எனக்கு இரவுப்பணி.
ஒரு லாரிக்கும் அடுத்த லாரிக்கும் நடுவில்
பதினைந்து பக்கம் வாசிக்கலாம்,
நாவல் நல்லதாயிருந்தால் இருபது.

மாத நாவலெல்லாம் குப்பை என்பார் சேவுகன்.
கிரேனுக்குச் சங்கிலி மாட்டுகிறவர்.
"யாரு கொன்னான்னு மொத அத்தியாயத்துலயே தெரிஞ்சுபோகுது,
பெறகு எதுக்குத் தொண்ணூத்தாறு பக்கம்?"

தெரிவது வேறு, பிடிபடுவது வேறு என்றேன்.
எல்லோருக்கும் தெரிந்த ஒருவன்
கடைசிப் பக்கத்தில் தவறாமல் பிடிபடுவது
இந்த நாற்பது ரூபாய்த் தாள்கட்டில் மட்டும்தான்.
அதற்காகவே அதன் மட்டமான உவமைகளை
மன்னித்துவிடுகிறேன்.
மின்னலாய்ப் பாயாத கார் ஒன்றுகூடக் கிடையாது
அந்த ஆசிரியரிடம்.

பேய்ப்படம் பற்றியும் அபிப்பிராயம் உண்டு.
போன வாரம் விடுப்பெடுத்து இரண்டாம் ஆட்டம்,
மாட்டுத்தாவணிப் பக்கம்.
இடைவேளை வரை கதவு, காற்று, ஒரு பூனை.
கதவு திறப்பதற்குள் இசை முந்திக்கொண்டு
கோள் சொல்லிவிடுகிறது.
அது பயமில்லை, வெறும் திடுக்கிடல்;
பின்சீட்டுக்காரன் முழங்கால் இடித்தாலும் வரும்.
ஆனால் கம்மாய்க்குள் புதைத்த பெண்
வாயைத் திறந்ததும்
படம் நிமிர்ந்து உட்கார்ந்தது. நானும்.
இயக்குநரிடம் ஒன்றுதான் கேட்க வேண்டும்:
உயிரோடு இருக்கும்போதே
ஸ்டேஷனுக்குப் போய்ச் சொன்னாளே,
அதை எழுதாமல் பேனாவை மூடிய எழுத்தர்
ஏன் தோள்வரைக்கும்தான் தெரிகிறார்?
அந்த முகத்தைக் காட்டியிருந்தால்
பேய்க்கு மேக்கப் செலவு மிச்சம்.

மூன்றாவது ரகத்தில்தான் சிக்கல்.
டவுன்ஹால் ரோட்டுப் பழைய கடையில்
கட்டோடு வாங்கியதில் அதுவும் வந்தது.
'நாவல் அல்ல, உண்மை' என்று
அட்டையிலேயே சத்தியம்.
நம் குன்றுகளை வெட்டியவர்கள் மனிதர்களல்லவாம்;
வானிலிருந்து இறங்கியவர்கள்
ஒளிக்கத்தியால் அறுத்தார்களாம்.
சமணர் படுக்கை இவ்வளவு வழவழப்பாய் இருக்கிறது,
ஆகவே அது விண்கலத்தின் இருக்கை.
'ஆகவே' என்ற சொல்லின் மேல்
இத்தனை பாரம் ஏற்றிய ஆளை நான் பார்த்ததில்லை.
எங்கள் மேடைக்கு வந்திருந்தால்
அபராதம் போட்டுத் திருப்பியிருப்பேன்.
ஆதாரக் குறிப்பு ஒன்றில்லை.
கேள்விக்குறிகள்
ஒரு பக்கத்தில் பதினொன்று, எண்ணினேன்.

நடுவில் ஒரு புகைப்படம்:
நெட்டுக்குத்தாய், பன்னை அறுத்ததுபோல் ஒரு பாறைமுகம்.
கீழே பெரிய எழுத்தில்,
'இதை அறுத்த கை எந்தக் கிரகத்தினுடையது?'

சேவுகனிடம் நீட்டினேன்.
கண்ணாடியைச் சட்டையில் துடைத்துவிட்டு
விளக்கடியில் வைத்துப் பார்த்தார்.
"நம்ம வடக்குப் பள்ளம்ல இது.
வயர் ரம்பம். சன்னாசி ஷிப்ட்டு.
இந்தா, மூலையில தொங்குதே, அது என் துண்டு."

சிரித்தோம். அவருக்குப் புரையேறும்வரை சிரித்தோம்.
அந்தத் துண்டு எந்தக் கிரகத்தினுடையது என்று
இன்னொரு தரம் கேட்கப் போனேன்,
லாரி வந்துவிட்டது.

சிவப்பு எண்கள் ஓடி ஓடி
இருபத்தொன்பது டன்னில் நின்றன.
நடைச்சீட்டில் நான் எழுதுவது பதினாறு.
தினமும் எழுதுவதுதான்.
கை அதன் பாட்டுக்குப் போய் எழுதியது.
நீல மையில் முத்திரை குத்தினேன்.
முத்திரையில் கம்பெனி பெயருக்குக் கீழே இருக்கும்
'சரிபார்க்கப்பட்டது' என்ற வார்த்தையை
இத்தனை வருஷத்தில் இன்றுதான் வாசித்தேன்.

டிரைவர் சீட்டை வாங்கிக்கொண்டு
படிக்காமல் மடித்தான்.
தரம் பார்க்கிற வாசகன் இல்லை அவன்.

தூசி அடங்கியது.
மேஜைமேல் மாத நாவல் கவிழ்ந்து கிடந்தது,
தொண்ணூறில்.
"யாராம் கொன்னது?" என்றார் சேவுகன்,
தண்ணீர் குடித்துக்கொண்டே.

இன்னும் ஆறு பக்கம் இருக்கிறது என்றேன்.