வெள்ளவத்தையைச் சொல்லாதவன்

இரண்டு பத்து.
கடைசிக் கோச்சி போய் எவ்வளவோ நேரம்.
அபிஷன் குளியலறை வாளிக்குள்
மூடியைப் போட்டு எடுக்கிறான், போட்டு எடுக்கிறான்.
கீழ்வீட்டுக்காரர் நாளைக்கு லிஃப்டில்
என்னைப் பார்க்காமல் நிற்பார்.

எழுதினேன்: இப்ப ஆராவது முழிப்போ?

முதலில் மாளிகாவத்தை.
ரிஸ்மியா எப்பவும் குரலாய்த்தான் அனுப்புவாள்,
பின்னால் மின்விசிறியின் கிறீச்.
"நானும்தான். மகள் கதவத் தொறந்து தொறந்து பூட்டுறா.
பிணைச்சலுக்கு எண்ண போட்டேன்,
சத்தம் நிண்டதும் அழுகிறா.
அந்தச் சத்தம்தான் வேணுமாம். எனக்கு வெளங்கல்ல."
சிரித்தாள்.
நானும், வாயைப் பொத்திக்கொண்டு.

பிறகு ராஜகிரிய. திலினி
சிங்களத்தை இங்கிலீஷ் எழுத்தில் எழுதுவாள்.
பாதியை ஊகிப்பேன்.
ஊகித்த பாதி பெரும்பாலும் எங்கள் வீட்டுக் கதை.

ஒருநாளும் நேரில் காணாத ஆட்கள்.
ஆனால் திலினியின் செனுரிக்கு
வெள்ளைச் சோறு மட்டும், அதுவும் ஆறியது என்று தெரியும்.
ஜிந்துப்பிட்டி லோகேஸ்வரனின் மூத்தவன்
சலூன் கண்ணாடியைக் கண்டால்
தன் கையைக் கடிப்பான் என்று தெரியும்.
நித்திரையில் நகம் வெட்டுங்க, இரவுக்கு ஒரு கை:
அது லோகேஸ்வரன் சொன்னது.
ஆடிவேல் மேளத்துக்கு என்ன செய்யலாமென்று கேட்டபோதும்
அவர்தான்:
"பழைய சோனகத் தெரு இரும்புக் கடையில கேளுங்க அக்கா.
கொங்கிறீட் உடைக்கிற ஆக்கள் காதுக்குப் போடுறது.
மஞ்சள் இறுக்கும். நீலம் எடுங்க."

காலி வீதியில் தேர் வந்த அன்று
என் பிள்ளை நீலக் காதுகளோடு
பல்கனியில் நின்று
சத்தமில்லாத மேளத்தைப் பார்த்தான்.

கனடாவிலிருந்து மச்சாள் சொல்லுவாள்:
ஃபோனைப் பறி, பிள்ளை கதைப்பான்.
ஓம் என்பேன். வேறென்ன.

பாணந்துறையிலிருந்து ஒரு அம்மா
வைகாசியோடு பேச்சை நிறுத்தினார்.
அவர் பெயருக்கு நேரே இன்னும் ஒரு மீன்தொட்டிப் படம்.
நாங்கள் ஒருவரும் கேட்கவில்லை.
கேட்டிருக்கலாம்.

அந்த இரவு,
ஃபோனை வாளிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுத்
துவாய் எடுக்கப் போனேன்.
ஈரவிரல் எதில் பட்டதோ.
தெஹிவளை.
பம்பலப்பிட்டி.
கொள்ளுப்பிட்டி. கொம்பனித்தெரு. கோட்டை.
அறிவிப்பாளரின் அதே இழுவை. முப்பத்தொரு விநாடி.
அவன் வாயில் வருகிற சொற்கள் இவ்வளவுதான்.
வெள்ளவத்தையை மட்டும் சொல்லமாட்டான்.
இருக்கிற இடம்தானே,
அங்கே எதற்குப் போகவேண்டும்?

எல்லாருக்கும் போய்விட்டது.
அழிக்கலாமென்று விரலை வைத்தேன்,
அதற்குள் மாளிகாவத்தை கேட்டுவிட்டது.

விடிய நாலுக்கு ரிஸ்மியா.
"பேர் சொல்லிக் கூப்பிட்டாத் திரும்பாதவ,
ஒங்கட மகன்ட சத்தத்துக்குக் கதவ உட்டுட்டு வந்துட்டா.
பதினேழு தரம் போட்டுட்டா.
இதக் கேளுங்க."

கிறீச், கிறீச்.
தொலைவில் என் பிள்ளையின் குரல்.
அவன் நிறுத்துகிற இடங்களில்
ஒரு சிறுமி மூக்கால் இழுக்கிற ம்ம்ம்,
கோச்சி ஓடுகிற தூரத்துக்கு.
கோட்டையை நெருங்க நெருங்கக் குறுகி.
தெஹிவளைக்கும் பம்பலப்பிட்டிக்கும் நடுவில்தான்
எல்லாவற்றிலும் நீளம்.
அவன் விட்டதை அவள் விடவில்லை.
எங்கள் ஜன்னலுக்குக் கீழாலும் ஓடித்தான் போகிறாள்.

அபிஷன் எழும்பி வரவில்லை.
என்னைப் பார்க்கவுமில்லை.
மூடியைக் கையில் வைத்திருந்தான்,
போடாமல்.

மொகத வுனே, என்னவாம் என்று திலினி.
பதில் எழுதவில்லை.
இன்னொரு தரம் போட்டேன்.